விறகுக் கொதிகலனில் நீர் சுற்றிய வரலாறு

விறகுத் தீயின் வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி, அத்தண்ணீரைக் குழாய்கள் வழியே குளியலறைக்கோ, குளிர்நாடுகளில் வீட்டின் அறைகளுக்கோ கொண்டு செல்லும் அமைப்பு விறகுக் கொதிகலன் அமைப்பு எனப்படும். இதில் அடுப்பு, நீர்க்கலன், சூடான நீர் ஏறிச் செல்லும் குழாய், ஆறிய நீர் திரும்பி வரும் குழாய் என நான்கு உறுப்புகள் இன்றியமையாதவை. மற்றவை எல்லாம் காலப்போக்கில் சேர்ந்தவை.

எரிவாயு அடுப்பைத் திருகியை மூடி அணைத்துவிடலாம். மின்சார ஹீட்டரைப் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். விறகு அப்படியல்ல. பற்றிய கட்டை சாம்பலாகும் வரை வெப்பம் தந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் முழுவதும் வெப்பத்தை வாங்கிச் செல்லத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் கலனில் உள்ள நீர் கொதிக்கும். கொதித்த நீர் ஆவியானால், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த இடம் கிடைக்காவிட்டால் கலன் வெடிக்கும். ஆகவே இவ்வமைப்பின் வரலாறு பெரும்பாலும் தீயைப் பற்றியது அன்று. எந்தக் குழாயை எந்த உயரத்தில் பொருத்துவது, எதை ஒருபோதும் அடைக்கக் கூடாது என்று மக்கள் கண்டறிந்த வரலாறு.

ரோமானியரின் மூன்று அண்டாக்கள்

கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கட்டடக் கலை பற்றிய தம் நூலின் ஐந்தாம் பகுதியில் பொதுக் குளியலகங்களின் அமைப்பை விவரிக்கிறார். உலையின் மேல் மூன்று வெண்கலக் கலங்கள் வைக்கப்பட வேண்டும்: ஒன்று வெந்நீருக்கு, ஒன்று வெதுவெதுப்பான நீருக்கு, ஒன்று தண்ணீருக்கு. வெந்நீர்க் கலத்திலிருந்து எவ்வளவு நீர் வெளியேறுகிறதோ, அவ்வளவு நீர் வெதுவெதுப்பான கலத்திலிருந்து அதற்குள் வரவேண்டும். அதன் குறையைத் தண்ணீர்க் கலம் நிரப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டில் இரண்டு நன்மைகள் உண்டு. பச்சைத் தண்ணீர் நேராக வெந்நீரில் விழுந்து அதைக் குளிர வைப்பதில்லை. அதைவிட முக்கியமானது, தீக்கு மேல் உள்ள கலம் ஒருபோதும் வெறுமையாவதில்லை.

முதல் நூற்றாண்டின் மெய்யியலாளர் செனெகா, இயற்கை பற்றிய தம் நூலில் நிலத்தடி வெந்நீர் ஊற்றுகளை விளக்க முற்படும்போது, உவமையாக அக்கால வெந்நீர்க் கருவிகளைச் சொல்கிறார். மெல்லிய வெண்கலக் குழாயைத் தீயைச் சுற்றிச் சரிவாகப் பலமுறை வளைத்துவிடுவார்கள். அதே தீயைத் திரும்பத் திரும்பச் சுற்றி வரும் நீர், ஒரு முனையில் தண்ணீராக நுழைந்து மறுமுனையில் வெந்நீராக வெளிவரும். இக்கருவிகளில் ஒரு வகைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'டிராகன்'. இன்றைய சுருள்குழாய் ஹீட்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் சுற்றோட்டம் என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்தும் ரோமானியக் கருவி வேறொன்று. அதன் வடிவத்தை வைத்து அதற்கு 'ஆமை' என்று பெயர். வெந்நீர்த் தொட்டியில் ஆட்கள் இறங்கிக் குளிக்கக் குளிக்க நீர் ஆறிப்போகும். நீரை மாற்றாமல் சூட்டைக் காப்பது எப்படி என்பது கேள்வி. அரை உருளை வடிவிலான ஒரு வெண்கல அறையைத் தொட்டியின் பக்கவாட்டில் பொருத்தினார்கள். அதன் ஒரு முனை தொட்டிக்குள் திறந்திருக்கும். அதன் அடித்தளம் தொட்டியின் தளத்தைவிடச் சற்றுத் தாழ்வாக, நேராக உலையின் மேல் அமைந்திருக்கும். ஆறிய நீர் கனமானது. அது தாழ்ந்த இடத்தை நாடி ஆமைக்குள் இறங்கும். அங்கே சூடாகி இலேசாகி மேலெழுந்து தொட்டிக்குத் திரும்பும். பம்பும் இல்லை, வால்வும் இல்லை. தளத்தைச் சற்றுத் தாழ்த்தியது மட்டுமே வேலை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரில், ஸ்டேபியக் குளியலகத்தின் பெண்கள் பகுதியில் இத்தகைய ஆமை கண்டெடுக்கப்பட்டது.

அருகிலுள்ள போஸ்கோரியாலே என்னும் இடத்தில், திராட்சை மது தயாரித்த ஒரு பண்ணை வீடு தோண்டி எடுக்கப்பட்டது. 1895-இல் அங்கே கிடைத்த வெள்ளிப் பாத்திரக் குவியல்தான் உலகப் புகழ் பெற்றது. குழாய்க் கலையின் வரலாற்றுக்கு அதைவிட மதிப்புள்ளது அவ்வீட்டின் சமையலறையை அடுத்திருந்த ஈயக் கொதிகலன். குழாய்களோடும் திருகிகளோடும் அது கிடைத்திருக்கிறது; குளியல் தொட்டிக்குச் செல்லும் நீரை வேண்டிய சூட்டில் கலந்து விட முடிந்திருக்கிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகுத் தீயோ அதைவிட மிகவும் சூடானது. உள்ளே நீர் இருக்கும் வரை உலோகத்தின் சூடு கொதிநிலையை ஒட்டியே நிற்பதால்தான் ஈயக் கலன் பிழைத்தது. நீர் வற்றிய கலனுக்குக் கதி இல்லை.

விட்ருவியஸ் சொன்ன இடப்பெயர்ச்சி முறை தமிழ்நாட்டு வீடுகளுக்கும் பழக்கமானதே. செம்பால் செய்த வெந்நீர் பாய்லரின் நடுவே ஒரு குழல் நிற்கும். அதில் கரியோ, கொட்டாங்குச்சியோ, சுள்ளியோ எரியும். சுற்றிலும் நீர். புனல் போன்ற வாயில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினால் அது அடிவரை இறங்கும்; அதே அளவு வெந்நீர் மேலே உள்ள மூக்கின் வழியே வாளியில் விழும். தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் எடுக்க வழியில்லை என்பதால் கலம் வற்றுவதில்லை. வாய் எப்போதும் திறந்திருப்பதால் ஆவி அடைபடுவதில்லை. பாட்டிமார்கள் அச்சமின்றிப் பேரப்பிள்ளைகளை அதனருகே விட்டதற்கு, சுடும் என்ற எச்சரிக்கைக்கு மேல் வேறு காரணம் தேவைப்படவில்லை. இதற்கும் ரோமுக்கும் நேரடித் தொடர்பு காட்டத் தேவையில்லை. தண்ணீரின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

பூச்செடிகளும் கோழிக்குஞ்சுகளும்

குழாய்களில் வெந்நீரைச் சுற்றவிட்டு ஓர் அறையையே சூடாக்கும் எண்ணம் ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. முதலில் பயனடைந்தவர்கள் மனிதர்கள் அல்லர். சுவீடன் நாட்டுப் பொறியாளர் மார்ட்டின் ட்ரீவால்ட், இங்கிலாந்தின் நியூகாசிலில் தங்கியிருந்தபோது, 1716-இல் வெளியே வைத்த கொதிகலனிலிருந்து குழாய் வழியே வெந்நீரைக் கொண்டு சென்று ஒரு கண்ணாடிச் செடிவீட்டைச் சூடாக்கினார். பின்னர் தாய்நாடு திரும்பி டான்னெமோரா சுரங்கத்தில் நீராவி எந்திரம் நிறுவியவரும், 1739-இல் சுவீடனின் அறிவியல் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இவரே.

பிரான்சில் போன்மேன் என்பவர் 1777-இல் கோழி முட்டை பொரிப்பதற்கு இம்முறையைக் கையாண்டார். முட்டைக்குச் சூடு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். ஆகவே வெறும் சுற்றோட்டம் போதவில்லை. தீயையும் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. ஈயமும் இரும்பும் வெவ்வேறு அளவில் விரிவடைகின்றன என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். ஈயக் குழலுக்குள் இரும்புக் கம்பியைப் பொருத்தி நீரில் நிறுத்தினார். நீர் சூடேறும்போது ஈயம் அதிகம் நீளும். அந்தச் சிறு வித்தியாசம் ஒரு நெம்புகோல் வழியே அடுப்பின் காற்றுவாயை மூடும். நீர் ஆறினால் வாய் திறக்கும். திட எரிபொருளைக் கட்டுப்படுத்த ஒரே வழி காற்றைக் கட்டுப்படுத்துவதுதான் என்பதை இவர் சரியாகக் கண்டார். இன்றும் விறகுக் கொதிகலன்களில் காற்றுக் கதவைச் சங்கிலியால் தூக்கி இறக்கும் கருவி இருக்கிறது. அது போன்மேனின் கருவிக்குத் தூரத்துப் பேரன்.

பிரெஞ்சுப் பிரபுவான ஷபான், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையை இங்கிலாந்தில் பரப்பினார். தாமஸ் ட்ரெட்கோல்ட் 1824-இலும், சார்லஸ் ஹூட் 1837-இலும் வெளியிட்ட நூல்கள் இதைத் தோட்டக்காரர்களின் கைத்திறனிலிருந்து பொறியியலாக மாற்றின.

34 மில்லிமீட்டர் விசை

குழாயில் நீர் தானாகச் சுற்றுவது ஏன்? வெந்நீர் 'மேலே ஏற விரும்புகிறது' என்று சொல்வது எளிது. ஆனால் அது பாதி உண்மை. சுற்றின் இரு பக்கங்களிலும் இரண்டு நீர்த்தூண்கள் நிற்கின்றன. ஒன்று சூடானது, மற்றொன்று ஆறியது. ஆறிய தூண் கனமாக இருப்பதால் கீழிறங்கி, சூடான தூணை மேலே தள்ளுகிறது. தராசின் இரு தட்டுகளைப் போன்றதே இது.

கணக்கிட்டுப் பார்த்தால் இந்த விசை எவ்வளவு சிறியது என்பது புரியும். 80 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் நீரின் எடை சுமார் 972 கிலோ; 60 டிகிரியில் சுமார் 983 கிலோ. வித்தியாசம் 11 கிலோவுக்குச் சற்று அதிகம். கொதிகலனுக்கும் மேல்மாடிக்கும் 3 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால், நீரை ஓட்டக் கிடைக்கும் மொத்த அழுத்தம் 34 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம் மட்டுமே. இரண்டு விரல் அகலம்!

இவ்வளவு மெலிந்த விசையை நம்பி வேலை செய்த பழைய குழாய்க் கொத்தர்களின் விதிகள் எல்லாம் இதிலிருந்தே பிறந்தவை. குழாய் அகலமாக இருக்க வேண்டும். கூர்மையான வளைவுகள் கூடாது. வெந்நீர்க் குழாய் கொதிகலனின் உச்சியிலிருந்து புறப்பட்டு இடைவிடாமல் ஏற வேண்டும். திரும்பும் குழாய் இடைவிடாமல் இறங்கி அடியில் சேர வேண்டும். நடுவில் எங்கேனும் குழாய் மேடாக வளைந்தால் அங்கே காற்று தங்கும். தண்ணீரிலிருந்து பிரிந்த ஒரு பிடிக் காற்று போதும், அந்த இரண்டு விரல் விசையை முடக்குவதற்கு. தீ எரியும், கலன் கொதிக்கும், அறையோ சில்லென்று கிடக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. நீர் 10 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது 100 லிட்டர், 103.5 லிட்டருக்குச் சற்று மேலாக விரிகிறது. நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. விரியும் நீர் இடம் கேட்டே தீரும். அதனால்தான் சுற்றின் உச்சியில் திறந்த தொட்டி ஒன்றும், கொதிகலனிலிருந்து நேராக அத்தொட்டிக்கு மேல் சென்று திறந்து நிற்கும் ஒரு காற்றுக் குழாயும் வைத்தார்கள். அக்குழாயில் எந்த வால்வும் போடக் கூடாது. வாய் திறந்த செம்பு பாய்லரின் அதே தத்துவம், மூன்று மாடி உயரத்துக்கு நீண்டது.

இதற்கு நேர் எதிராகப் போனவர் ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ். அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் குடியேறிய இவர், 1831-இல் முழுவதும் மூடிய ஒரு சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். தடித்த சுவரும் ஒடுங்கிய துளையும் கொண்ட இரும்புக் குழாய். அதன் ஒரு பகுதியே சுருளாக உலைக்குள் கிடக்கும். அழுத்தத்தில் நீர் 150 டிகிரிக்கு மேலும் ஆவியாகாமல் சூடேறும்; சூட்டு வித்தியாசம் பெரிதாவதால் விசையும் கூடும்; குழாய் ஒல்லியாக இருந்தாலும் போதும். இலண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோனின் வீட்டில் இது பொருத்தப்பட்டது. ஆனால் 1841-இல் மான்செஸ்டரில் வெளியான ஓர் ஆய்வறிக்கை, இக்குழாய்களை ஒட்டியிருக்கும் மரம் கருகித் தீப்பிடிக்கும் அபாயத்தை எடுத்துக் காட்டியது. திறமையான கண்டுபிடிப்புதான், சாதாரண வீட்டுக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது.

பனிக்காலத்துக் காலை

சாதாரண வீட்டில் நடந்தது வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நகர வீடுகளில், சமையல் அடுப்பின் பின்புறத்தில் ஒரு சிறு கொதிகலனைப் புதைத்து, இரண்டு குழாய்களால் மேல்மாடித் தொட்டியோடு இணைக்கும் வழக்கம் பரவியது. அங்கே எரிந்தது பெரும்பாலும் நிலக்கரி. ஆயினும் நினைத்தவுடன் அணைக்க முடியாத தீ என்ற வகையில் விறகுக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

கடுங்குளிர் இரவில் அடுப்பு அணைந்துவிடும். பரண்மேல் உள்ள தொட்டியும், வெளிச்சுவரை ஒட்டி ஏறும் குழாய்களும் உறைந்துபோகும். பனிக்கட்டி குழாயில் அடைத்த தக்கையைப் போன்றது. ஏறும் குழாய், திரும்பும் குழாய் இரண்டிலும் தக்கை விழுந்துவிட்டால், சமையலறையில் உள்ள கொதிகலன் மூடி முத்திரையிட்ட இரும்புப் பெட்டியாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது. விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுபவர் பெரும்பாலும் வீட்டு வேலைப் பெண். தீ பற்றும், நீர் விரியும், ஆவி சேரும், போக வழியில்லை. அடுப்பும் சுவரும் சேர்ந்து சமையலறைக்குள் வெடித்துச் சிதறும். உறைபனி நீடித்த குளிர்காலங்களில் இத்தகைய விபத்துகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன.

1882-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொதிகலன் வெடிப்புச் சட்டத்தை இயற்றியது. வெடிப்பு ஒவ்வொன்றும் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், காரணம் விசாரிக்கப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமான கொதிகலன்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆலையில் வெடித்தால் விசாரணை உண்டு; அடுக்களையில் வெடித்தால் அச்சட்டத்தின்படி இல்லை. யாருடைய உயிருக்கு எந்தக் கணக்கில் இடமிருந்தது என்பதை இந்த ஒரு விலக்கு காட்டிவிடுகிறது.

தீர்வு குழாய்க் கொத்தர்களிடமிருந்து வந்தது. பழைய முறையில் வெந்நீர்த் தொட்டி வீட்டின் உச்சியில் இருந்தது. கீழே உள்ள திருகிகளுக்கு ஏறும் குழாயிலிருந்தே கிளை பிரித்தார்கள். இதனால் இரண்டு கேடுகள். சுற்று நீளமாகிப் பனியில் சிக்கியது. மேலும், நகரக் குழாயில் நீர் வராத நாளில் கீழ்த் திருகியைத் திறந்தால் தொட்டி முழுவதும் வடிந்து, கொதிகலன் வற்றும் நிலை ஏற்படும். காய்ந்து பழுத்த இரும்பில் திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் அதுவும் வெடிப்பே. புதிய முறையில், மூடிய உருளைக் கலன் ஒன்றை அடுப்புக்கு அருகில், சமையலறையின் கதகதப்பிலேயே வைத்தார்கள். கொதிகலனுக்கும் உருளைக்கும் இடையே உள்ள சுற்று குட்டையானது, எளிதில் உறையாது. திருகிகளுக்கு நீர் உருளையின் உச்சியிலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டது. மேலிருந்து புதுத் தண்ணீர் வராவிட்டால் திருகியில் நீர் நின்றுவிடும். ஆனால் உருளையும் கொதிகலனும் நிரம்பியே இருக்கும். குழாய் பொருத்தும் இடம் மாறியது, அவ்வளவுதான். கொதிகலனின் மேலேயே பாதுகாப்பு வால்வு வைப்பதும், திருகியில் நீர் ஓடுகிறதா என்று பார்க்காமல் உறைபனிக் காலையில் அடுப்பு மூட்டாதிருப்பதும் இதனோடு சேர்ந்த பாடங்கள்.

பம்பு வந்த பிறகு

1928-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்டு நகரில் ஓப்லெண்டர் குடும்பத்தின் தொழிற்சாலையில், குழாயிலேயே பொருத்தும் மின்சாரச் சுற்றோட்டப் பம்பு உருவாக்கப்பட்டது. 34 மில்லிமீட்டரை நம்பியிருந்த காலம் முடிந்தது. பம்பு மீட்டர் கணக்கில் அழுத்தம் தரும். குழாய் ஒல்லியானது, கொதிகலனைவிடத் தாழ்ந்த இடத்துக்கும் வெந்நீரை அனுப்ப முடிந்தது. எண்ணெயும் எரிவாயுவும் பரவியபோது இது மிகப் பொருத்தமாக இருந்தது. மின்சாரம் போனால் பம்போடு தீயும் நின்றுவிடும்.

1973-இன் எண்ணெய் நெருக்கடி சுவீடன், ஆஸ்திரியா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் பலரை மீண்டும் விறகின் பக்கம் திருப்பியது. அப்போது பழைய சிக்கல் புது உருவில் வந்தது. பனிப்புயலில் மின்கம்பி அறுந்தால் பம்பு நிற்கும். உலைக்குள் 20 கிலோ விறகு எரிந்துகொண்டிருக்கும்.

விறகின் குணத்துக்கு ஏற்ற அமைப்பை அறிஞர்கள் தேடினார்கள். அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹில் 1970-களில் முன்வைத்த வழி, தீயை அடக்குவதை விட்டுவிடுவது. காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் தார் படியும், விறகும் வீணாகும். எனவே முழு வேகத்தில் எரியவிட்டு, வெப்பத்தைப் பெரிய நீர்த்தொட்டியில் சேமித்து, பிறகு தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கன மீட்டர் நீர் 40 டிகிரி சூடேறும்போது சுமார் 46 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைத் தாங்கும்; பத்துப் பன்னிரண்டு கிலோ காய்ந்த விறகின் வெப்பம் அது.

அத்தொட்டியை இணைப்பதில்தான் இன்றைய குழாய் வேலையின் நுட்பம் இருக்கிறது. ஆறிய நீர் அப்படியே கொதிகலனுக்குத் திரும்பினால், புகையில் உள்ள ஈரம் குளிர்ந்த உலோகத்தில் வியர்த்து, தாரோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். ஆகவே திரும்பும் குழாயில் ஒரு கலப்பு வால்வு வைத்து, வெந்நீரில் ஒரு பகுதியை அதனுடன் சேர்த்து, ஏறத்தாழ 60 டிகிரிக்குக் குறையாமல் உள்ளே அனுப்புகிறார்கள். சேமிப்புத் தொட்டிக்கு வெந்நீர் உச்சியில் நுழைகிறது, ஆறிய நீர் அடியிலிருந்து வெளியேறுகிறது. நுழையும் வேகம் கூடினால் நீர் கலங்கி எல்லாம் வெதுவெதுப்பாகிவிடும். மெதுவாக விட்டால், வெந்நீர் மேலும் தண்ணீர் கீழுமாகக் கலக்காமல் அடுக்காக நிற்கும்.

மின்தடைக்கும் ஏற்பாடுகள் உண்டு. பல நாடுகளில் மூடிய சுற்றுடைய விறகுக் கொதிகலனுக்குள் தனியே ஒரு சுருள்குழாய் இருக்கும். சூடு 95 டிகிரியை ஒட்டினால், மின்சாரம் தேவைப்படாத ஒரு வால்வு திறந்து, நகரக் குழாய்த் தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டு வெப்பத்தைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். பிரிட்டனில் 28 மில்லிமீட்டர் செம்புக் குழாயில், பம்பு இல்லாத ஒரு தனிச் சுற்றையும், வால்வு இல்லாத ஒரு ரேடியேட்டரையும் மேல்மாடியில் வைக்கிறார்கள். பம்புக்கு அருகிலேயே இலேசான ஒரு மடிப்புக் கதவைப் பொருத்தும் முறையும் உள்ளது. பம்பு ஓடும்போது அதன் அழுத்தம் கதவை மூடி வைத்திருக்கும். மின்சாரம் போய்ப் பம்பு நின்றதும் கதவு தானே விலகும்; தொட்டியின் அடியிலிருந்து ஆறிய நீர் தன் கனத்தால் கொதிகலனுக்குள் இறங்கும், வெந்நீர் அகன்ற குழாய் வழியே தொட்டியின் உச்சிக்கு ஏறும், உள்ளே இருக்கும் விறகு எரிந்து முடியும் வரை.